வேட்பாளரின் சொத்துக் கணக்கு

கேள்வி: பாராளுமன்றத்துக்கு நிற்பவர்களின் சொத்து விவரத்தை எங்களைப் போன்ற சாதாரண வாக்காளர்கள் தெரிந்துகொண்டு என்ன பிரயோஜனம்?
(ஒரு வாசகர், சுள்ளிக்கல், கொச்சி)

பதில்: தங்கள் மட்டாஞ்சேரிக் கடைவீதியில், ஒரு பிடி மிளகைக் கையில் எடுத்துப் பாராமல் மூட்டைக்கு விலை பேசும் வியாபாரி உண்டோ? அப்படியிருக்க, ஐந்து வருஷ காலம் நமக்காகச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஒருவரிடம் ஒப்படைக்கும் நாம் மட்டும் ஏன் பாராமல் இருக்கவேண்டும்? வேட்பாளரின் சொத்து விவரத்தை அறிவது வாக்காளரின் உரிமை என்று 2002-இல் பிரகடனம் செய்த உச்ச நீதிமன்றம், அவ்வுரிமையைக் குறுக்கும்படி பாராளுமன்றம் இயற்றிய சட்டப்பிரிவையும் 2003-இல் ரத்து செய்துவிட்டது. ஆகவே தங்கள் எறணாகுளம் தொகுதியில் நிற்பவர், தம்முடையதும், தம் வாழ்க்கைத் துணையுடையதும், தம்மைச் சார்ந்து வாழ்வோருடையதுமான நிலம், நகை, கடன் யாவற்றையும் படிவம் 26 என்னும் வேட்பாளர் பிரமாணப் பத்திரத்தில் பிரமாணம் செய்தே தீரவேண்டும். அதே நீதிமன்றத்தின் 2018-ஆம் வருஷத் தீர்ப்புக்குப் பின் வருமானம் வந்த வழியையும் சொல்லவேண்டும். ஜெயித்து, பதவிப் பிரமாணம் எடுத்த 90 நாளுக்குள் மக்களவை உறுப்பினர் சபாநாயகரிடம் சமர்ப்பிக்கும் கணக்கு மட்டும், சபாநாயகரின் அனுமதியின்றி நம் கண்ணில் படாது என்பது என் மனத்தை மிகவும் உறுத்துகிறது. அந்தக் கதவும் திறக்கவேண்டும். அதுவரை, வாக்குக் கேட்டுத் தங்கள் வாசலுக்கு வருபவரின் சென்ற தேர்தல் பிரமாணத்தையும் இந்தத் தேர்தல் பிரமாணத்தையும் அருகருகே வைத்துப் படித்து, இடையில் சொத்து வளர்ந்திருந்தால் அதன் காரணத்தை அவரிடமே கேளுங்கள்.