நாற்பதாயிரம் எந்த வரியில் குறைந்தது?

அனுப்புநர்: 417-ஆம் அறை நோயாளியின் அட்டெண்டர்.

பெறுநர்: உயர்திரு பில்லிங் பிரிவு மேலாளர் அவர்கள், பெயர் குறிப்பிட விரும்பாத பெரிய மருத்துவமனை, தரைத்தளம், பிள்ளையார் படத்துக்குக் கீழே உள்ள கண்ணாடி அறை.

பொருள்: பில்லை முழுவதுமாகப் படித்துவிட்டது தொடர்பாக.

பார்வை: தங்கள் இறுதி பில், 14 பக்கம், இரு புறமும் அச்சிட்டது.

ஐயா,

எங்கள் சித்தப்பா நலம். ஸ்டென்ட் வைத்த மனிதர் இப்போது திண்ணையில் உட்கார்ந்து, உப்பில்லாத கஞ்சியைத் திட்டிக்கொண்டே குடிக்கிறார். உங்கள் இதய டாக்டருக்கும், கேத் லேப் பிள்ளைகளுக்கும், ராத்திரி ஷிஃப்ட் நர்ஸ்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்தக் கடிதம் அவர்களைப் பற்றியதல்ல. சித்தப்பாவுக்கு அடைப்பு நீங்கிய கையோடு எங்களுக்கு அடைத்துக்கொண்டதே, அதைப் பற்றியது.

முதலில் தங்கள் வரவேற்பைப் பாராட்ட வேண்டும். ஸ்ட்ரெச்சரை இறக்கும்போதே வெள்ளைச் சட்டை போட்ட தம்பி ஒருவர் ஓடிவந்து, "கேஷா, இன்சூரன்ஸா, சி.எம். கார்டா?" என்று கேட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த சித்தப்பா அவரை டாக்டர் என்று நினைத்து, "எரிச்சல்தான் தம்பி" என்று பதில் சொன்னார். அவசரத்துக்கு வருகிறவரை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. நீங்களும் காப்பாற்றினீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. 50,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டிய ரசீதை நான் மாடிக்குக் கொண்டுபோகும்வரை கேத் லேப் கதவுதான் சற்று யோசித்துக்கொண்டிருந்தது.

சி.எம். கார்டு எங்களுக்குக் கிடையாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சித்தப்பா கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனும் சம்பாதிக்கிறான். ஆக அரசாங்கத்தின் கணக்கில் நாங்கள் ஏழை இல்லை. உங்கள் பில்லைப் பார்த்த பிறகு பணக்காரரும் இல்லை. நடுவில் நிற்கிறவனுக்கென்று இருப்பது 3 லட்ச ரூபாய் பாலிசி ஒன்றுதான். அதை நம்பித்தான் உள்ளே வந்தோம்.

அந்த பில்லை நான் படித்தேன். கவுன்டரில் இருந்த பெண் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "அமவுன்ட் இங்க இருக்கு சார்" என்று விரல் வைத்துக் காட்டினார். நான் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்ததும், "எல்லாம் கரெக்டாத்தான் சார் இருக்கும்" என்றார். அதற்குள் நான் கையுறைக்கு வந்திருந்தேன். 212 ஜோடி. ஐயா, சித்தப்பாவை அத்தனை கைகள் தொட்டிருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார். பெல்லை அமுக்கினால் யாரும் வருவதில்லை என்பதுதான் அங்கே இருந்தவரைக்கும் அவருடைய ஒரே புகார்.

அடுத்த பக்கங்களில் அட்மிஷன் கிட் என்று ஒரு வரி. அதற்குள் ஒரு சீப்பு இருந்ததாம். சித்தப்பாவுக்குத் தலையில் முடி கிடையாது. கையில் கட்டிய பெயர்ப் பட்டைக்கு ஒரு கட்டணம். ஃபைல் திறந்ததற்கு ஒன்று, அதே ஃபைலை மூடி டிஸ்சார்ஜ் செய்ததற்கு இன்னொன்று. 'இதரம்' என்று தனியாக 2,850 ரூபாய். எது இதரம் என்று கேட்டேன். "மத்ததெல்லாம் சார்" என்றார் அந்தப் பெண். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருடைய கணினியிலும் அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதற்கெல்லாம் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது என்பதை அன்று ராத்திரி செல்போனில் தேடித் தெரிந்துகொண்டேன். காப்பீட்டில் தர வேண்டியதில்லை என்று 68 இனங்கள். அறை வாடகையிலேயே அடங்கிவிட்டதாகக் கொள்ள வேண்டியவை என்று இன்னும் 37. சீப்பு, செருப்பு, பெயர்ப் பட்டை, பார்வையாளர் பாஸ், கோப்பு திறக்கும் கட்டணம், டிஸ்சார்ஜ் நடைமுறைக் கட்டணம் எல்லாமே இந்த இரண்டாவது பட்டியலில் இருக்கின்றன. 'விளக்கப்படாத இதரச் செலவு'கூட அதே பட்டியலில் ஓர் இனம். விளக்கம் தராமல் பணம் கேட்கும் வழக்கம் அரசாங்கமே பெயர் வைத்துக் கூப்பிடும் அளவுக்கு வேரூன்றியிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அறை வாடகையில் அடங்கியது என்று சொல்லி காப்பீட்டு நிறுவனம் இவற்றைக் கழித்துவிட்டது. அடங்கவில்லை என்று நீங்கள் தனியாக எழுதினீர்கள். இரண்டு பேரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனீர்கள்: சித்தப்பா கட்டட்டும்.

அறை பற்றியும் சொல்ல வேண்டும். பாலிசிப்படி நாள் வாடகை 3,000 ரூபாய் வரைதான், அதாவது காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம். ஐ.சி.யு.விலிருந்து இறக்கிய அன்று, "ஷேரிங் ரூம் ஃபுல் சார், சிங்கிள்தான் காலியா இருக்கு" என்றார்கள். 6,000 ரூபாய். மிஞ்சிப்போனால் நாளைக்கு 3,000 கைப்பணம் போகும் என்று நானும் தலையாட்டினேன். உங்கள் அலுவலகத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் ஒருவர்கூட வாய்விட்டுச் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு: அறை வாடகை இரட்டிப்பானால் வாடகையோடு நிற்காது. டாக்டர் ஃபீஸ், நர்சிங், தியேட்டர் சார்ஜ் என்று அறையோடு ஒட்டிய அத்தனை இனத்திலும் காப்பீட்டு நிறுவனம் அதே விகிதத்தில் கை வைக்கும். மருந்தும் ஸ்டென்ட்டும் பரிசோதனையும்தான் இதில் தப்பும். சித்தப்பா ஒரு ஜன்னலோடு கூடிய அறையில் படுத்த பாவத்துக்கு டாக்டர் ஃபீஸில் பாதி எங்கள் தலையில். போதாததற்கு, 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. நாளைக்கு 300 ரூபாய் வீதம் நாட்டின் வளர்ச்சிக்கும் படுத்திருக்கிறார் மனிதர். அந்த ஜன்னலைத் திறந்தால் தெரிவது உங்கள் ஜெனரேட்டர் ஷெட்.

ஸ்டென்ட் விலையில் உங்களைக் குறை சொல்ல முடியாது. லட்சத்தைத் தாண்டி விற்றுக்கொண்டிருந்த மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய் என்று மத்திய அரசு உச்சவரம்பு போட்டது. பிறகு விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்ப அது ஏறியிருக்கிறது. உங்கள் பில்லில் ஸ்டென்ட் அந்த வரம்புக்குள் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. அதை உள்ளே கொண்டுபோன கம்பி, பலூன், குழாய், குழாய்க்கு ஒரு உறை என்று கூட வந்தவர்கள்தான் ஸ்டென்ட்டைவிடச் செழிப்பாக இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு வரதட்சணை வேண்டாம், மாப்பிள்ளைத் தோழர்களைக் கொஞ்சம் கவனித்தால் போதும் என்கிற மாதிரி.

எல்லாம் எம்.ஆர்.பி. விலைதானே என்பீர்கள். டில்லியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களைத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் புரட்டிப் பார்த்து, 2018-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சில இனங்களில் லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது. மொத்தமாக வாங்குகிற மருத்துவமனைக்குத் தோதாகத்தான் அட்டையில் விலை ஏற்றி அச்சிடப்படுகிறது, லாபத்தில் பெரும்பங்கு தயாரிப்பாளருக்குக்கூடப் போவதில்லை என்றது அந்த அறிக்கை. நீங்கள் அப்படியெல்லாம் செய்கிறவர் இல்லை என்றே நம்புகிறேன். ஆனாலும், எதிர்ச் சாரியில் இருக்கிற மெடிக்கலில் பத்து சதவீதம் தள்ளுபடி போட்டுக் கொடுக்கிற அதே மாத்திரையை ஏன் உங்கள் பார்மசியில்தான் வாங்க வேண்டும் என்று கேட்டபோது, "வெளி மருந்துக்கு நாங்க கேரண்டி இல்ல சார்" என்றார்களே, உள் மருந்துக்கு மட்டும் எழுதிக் கொடுத்த கேரண்டி எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன். 14 பக்கத்தில் அது இல்லை.

இனி டிஸ்சார்ஜ். காலை ரவுண்டில் டாக்டர், "வீட்டுக்குப் போலாம், நல்லா நடங்க" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். சித்தி உடனே பையைக் கட்டிவிட்டார். மருத்துவமனை கேட்ட மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி அனுமதி தர வேண்டும், தாமதத்தால் கூடும் செலவை அந்த நிறுவனமே ஏற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. நல்ல விதி. ஆனால் அந்த மூன்று மணி நேரம் நீங்கள் காகிதத்தை அனுப்பிய நொடியிலிருந்துதானே ஓடும்? அனுப்பியது மாலை நான்கரைக்கு. அதுவரை பார்மசி கிளியரன்ஸ், லேப் கிளியரன்ஸ், டயட் கிளியரன்ஸ். அனுமதி ராத்திரி ஏழு மணிக்கு வந்தது, விதிக்கு உட்பட்டு. மதியம் பன்னிரண்டைத் தாண்டியதால் இன்னொரு நாள் வாடகை, அதுவும் விதிக்கு உட்பட்டு. எல்லோரும் விதிப்படி நடந்தார்கள், சித்தப்பா மட்டும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

சும்மா உட்காரவில்லை. கையில் வென்ஃப்ளான் ஊசி குத்தியபடியே இருந்தது. அதைக் கழற்றச் சொன்னால் நர்ஸ் தயங்கினார். "பில் கிளியரன்ஸ் ஸ்லிப் வந்தாத்தான்ணே" என்றார் தாழ்ந்த குரலில். கட்டணத் தகராறுக்காக நோயாளியைப் போகவிடாமல் நிறுத்தி வைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து, சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளர் உரிமை சாசனம் சொல்கிறது. நீங்களும் நிறுத்தி வைக்கவில்லை. ஊசியை மட்டும் வைத்திருந்தீர்கள். பிளாஸ்திரி போட்ட கையோடு ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போய்விடுவான் என்ற நம்பிக்கைதான்.

மொத்தம் 4,86,350 ரூபாய். காப்பீடு தந்தது 2,11,000. அட்வான்ஸ் 50,000. பாக்கி 2,25,350. இதைக் கேட்டதும் சித்தி அழவில்லை, கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உங்கள் கண்ணாடி அறைக்கு நான் வந்தது அப்போதுதான். "ஒண்ணும் பண்ண முடியாது சார், சிஸ்டம் ஜெனரேட்டட் பில்" என்றீர்கள். சிஸ்டத்துக்கு முன்னால் நீங்களும் என்னைப்போலக் கையாலாகாதவர் என்பதை அறிந்து மனம் இளகிப்போனேன்.

பிறகு எங்கள் ஊர் ஒன்றியச் செயலாளர் உங்களுக்கு போன் செய்தார். இரண்டு நிமிடம் இருக்கும். நீங்கள் எழுந்து நின்று, "சரிங்கண்ணே, பாத்துக்கறேண்ணே" என்றது கண்ணாடிக்கு வெளியே கேட்டது. 40,000 ரூபாய் குறைந்துவிட்டது. நிமிடத்துக்கு 20,000. உங்கள் இதய டாக்டர்கூட அந்த ரேட் வாங்குவதில்லை.

ஐயா, என் சந்தேகம் இந்த இடத்தில்தான். அந்த 40,000 எந்த வரியிலிருந்து குறைந்தது? திருத்திய பில்லிலும் 212 ஜோடி கையுறை அப்படியே இருக்கிறது, சீப்பு இருக்கிறது, இதரம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் 'சிறப்புச் சலுகை' என்று ஒரு வரி முளைத்திருக்கிறது, அவ்வளவே. அந்தப் பணம் மருந்துக்கோ மின்சாரத்துக்கோ சம்பளத்துக்கோ உரியது என்றால் ஒரு போனுக்காக அதை எப்படி விட்டீர்கள்? எதற்கும் உரியது இல்லை என்றால் காலையிலிருந்து எதற்காகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்? அன்று எனக்கு அடுத்து நின்ற அம்மா, மகனை பைக் விபத்தில் சேர்த்தவர், மஞ்சப்பையிலிருந்து எடுத்த நோட்டுகளைக் கவுன்டரில் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். என் ஸ்லிப்பைப் பார்த்துவிட்டு, "யாரு சொன்னா தம்பி கொறைப்பாக?" என்று கேட்டார். ஒன்றியச் செயலாளரின் நம்பரைக் கொடுத்தேன். அந்த அம்மா வேறு ஒன்றியமாம்.

மீதி 1,85,350 எப்படி வந்தது என்பதையும் தெரிவிக்கிறேன். சித்தியின் செயினையும் இரண்டு வளையலையும் கூட்டுறவு சங்கத்துக்குக் கொண்டுபோனேன். அன்றைக்குக் கிராமுக்கு எவ்வளவு கடன் என்று வாசலிலேயே போர்டில் எழுதியிருந்தது. நகை மதிப்பீட்டாளர் கல்லில் உரசி, தராசில் வைத்து, அரக்குக்கும் அழுக்குக்கும் கழித்து, கழித்ததை எனக்குக் காட்டிவிட்டு எழுதினார். 'செயின் 1, கொக்கி சற்று நெளிந்தது' என்றுகூட ரசீதில் இருக்கிறது. ஒரே பக்கம். வட்டி எவ்வளவு, தவணை தவறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் தமிழில். கட்டண விவரத்தை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்று அதே நோயாளர் உரிமை சாசனம் உங்களுக்கும் சொல்கிறது. உங்கள் சுவரில் 'எங்கள் நோக்கம்' என்று ஒரு போர்டு பார்த்தேன். அதில் கருணை இருந்தது, கட்டணம் இல்லை.

ஆகவே, மேற்படி 40,000 ரூபாய் எந்தெந்த இனத்தில் எவ்வளவு குறைக்கப்பட்டது என்பதை வரி வரியாகப் பிரித்து எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்தில் இந்தக் கடிதத்தையே மனுவாகக் கொடுப்பதாக உத்தேசம். சித்தப்பாவுக்கு அடுத்த மாதம் செக்கப் இருக்கிறது. அவரை அழைத்துக்கொண்டு வரும்போது நேரிலும் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள அட்டெண்டர்

இணைப்பு:
இறுதி பில் நகல், 14 பக்கம் (ஜெராக்ஸ் செலவு எங்களுடையது).
நகைக்கடன் ரசீது நகல், 1 பக்கம்.
பயன்படுத்தாத சீப்பு ஒன்று, உறை பிரிக்காதது. திரும்பப் பெற்றுக்கொண்டு பில்லில் கழிக்கவும்.