வருவது நாற்பது, போவது ரெண்டு

பிளேஸ்டேஷன் வந்த பிறகு என் அக்கா மகன் ஒளிபரப்பாளன் ஆகிவிட்டான். விளையாடினால் மட்டும் போதாதாம், விளையாடுவதை ஊரே பார்க்க வேண்டுமாம். ஊர் என்றால் சிங்கப்பூரில் ஒரு சித்தப்பா பையன், கும்பகோணத்தில் ஒரு பள்ளித் தோழன், அப்புறம் பேர் சொல்லாத ஒரு ரசிகர். அந்த ரசிகர் என் மனைவிதான். மாடியில் படிப்பு நடக்கிறதா என்று அவள் போனில் வேவு பார்ப்பது அவனுக்கு இன்னும் தெரியாது.

எல்லாம் 2013-ல் வந்த பிஎஸ்4 செய்த வேலை. அதன் கன்ட்ரோலரில் 'ஷேர்' என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். கடைசிப் பதினைந்து நிமிட ஆட்டத்தைப் பெட்டியே பதிந்து வைத்திருக்கும், அமுக்கினால் உலகத்துக்கு அனுப்பலாம். அந்தப் பொத்தானை வைத்த புண்ணியவான் மயிலாடுதுறை கேபிள் கம்பம் எதையும் அண்ணாந்து பார்த்தவரில்லை.

எங்கள் கனெக்‌ஷனில் வருவது 40 எம்.பி.பி.எஸ்., போவது 2. (வேகத்துக்குப் பேர் எம்.பி.பி.எஸ். என்றதும், "வீட்ல அதாவது படிச்சிருக்கே" என்றாள் அம்மா.) 40 நோட்டீஸில் கொட்டை எழுத்தில் இருந்தது. 2 எங்கே என்று கேட்டால், "அப்லோடா? அதெல்லாம் யாரு சார் கேக்குறா?" என்றார் இணைப்புக் கொடுக்க வந்த தம்பி.

வருவதில் குறையில்லை. 100 ஜி.பி. கேமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் கோழி கூவும் முன் வந்துவிடும். ஆடுவதற்கும் ஒரு எம்.பி. வேகம் தாராளம். ஆடுவதைக் காட்டத்தான் கொள்ளை போகிறது. முழு ஹெச்.டி.யில் காட்ட ட்விட்ச் என்ற ஒளிபரப்புத் தளம் கேட்பது 6. நம்மிடம் 2. பயல் பேசுவது ஒரு இடத்திலும் சுடுவது இன்னொரு இடத்திலுமாகப் போய்ச் சேரும்.

அவன் ஒளிபரப்பு தொடங்கினால் கீழே அம்மாவின் சீரியல் சுத்த ஆரம்பிக்கும். "யாரு நெட்டை இழுக்கிறது?" என்று மேலிருந்து அவனே கத்துவான். "நான் எங்கடா இழுத்தேன்? மருமக விஷ டம்ளரோட நின்ன இடத்திலேயே நிக்கிறா!" என்பாள் அம்மா.

அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று நானும் யோசித்ததுண்டு. சீரியல் துண்டு துண்டாகத்தான் வருகிறது. ஒவ்வொரு தவணைக்கும் 'வந்து சேர்ந்தது' என்று டி.வி. ரசீது அனுப்ப வேண்டும். அந்த ரசீது போகிற வழியும் அதே 2 எம்.பி. சந்துதான். அங்கே பயலுடைய துப்பாக்கிச் சண்டை குறுக்கே நிற்கிறது. ரசீது வராமல் அனுப்புகிறவன் அடுத்த துண்டை விடமாட்டான். மருமகள் நிற்கிறாள்.

லேட்டாக வருகிறவனுக்கு எங்கள் ஊரில் மரியாதை உண்டு. ஐப்பசி முழுக்கத் துலாக் கட்டத்தில் காவிரிக் குளியல், கடைசி நாள் கடைமுகம். நடக்க முடியாமல் தாமதமாக வந்த ஒரு பக்தனுக்காக, கார்த்திகை முதல் தேதியும் அதே புண்ணியம் என்று சுவாமியே ஒருநாள் நீட்டித்துக் கொடுத்தார். முடவன் முழுக்கு என்று இன்றும் நடக்கிறது. மும்பையிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்திருக்கும் கேம் சர்வருக்கு இந்தத் தாட்சண்யம் கிடையாது. அரை விநாடி லேக் அடித்தால் ஆள் காலி.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஐரோப்பாவிலேயே சோனி கம்பெனி கேம் டவுன்லோடு வேகத்தைக் குறைத்தது. இங்கே செல்போனில் படத்தின் தரத்தைக் குறைத்தார்கள். அந்த நாளில் உலகமே எங்கள் வீடு மாதிரி இருந்தது. பயலுக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

கடைசியில் வழி கண்டுபிடித்தது அவன்தான். பத்து நிமிட ஆட்டம் சுமார் 900 எம்.பி., ஏற்ற ஒரு மணி நேரம். 64 ஜி.பி. பென்டிரைவ் நிறைய இருந்தால் மூன்று நாள். அதே பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினால் கும்பகோணம் ஒரு மணி நேரத்துக்குள். தோழன் வீட்டில் டிபனும் கிடைக்கும். சிங்கப்பூர் சித்தப்பா பையனுக்குத்தான் இந்த வசதி இல்லை.

ஃபைபரில் வருவதும் போவதும் சமமாகத் தரும் பிளான்கள் இருக்கின்றன. புதுக் கனெக்‌ஷன் வாங்குகிறவர்கள் கொட்டை எழுத்தை விட்டுவிட்டு, "போறது எவ்வளவு தம்பி?" என்று மட்டும் கேளுங்கள். தம்பி தலையைச் சொறிந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.