தட்டினால் சரியாகிவிடும்

முந்தாநாள் ஆன்லைன் மீட்டிங்கில் நான் மைக்கைத் திறந்து வணக்கம் சொன்னதும், ஒரு பெண் குரல், "சார், கிரைண்டர் ஓடுதா? அரைச்சு முடிச்சிட்டு வாங்களேன், வெயிட் பண்றோம்" என்றது. கிண்டல் இல்லை, உண்மையான கரிசனம். அதுதான் இன்னும் எரிகிறது. ஓடியது என் லேப்டாப்பின் ஃபேன். அதைச் சொல்வது இன்னும் கேவலம் என்று, "ஆமாங்க, இட்லிக்கு" என்று மியூட்டில் போட்டவன், மீட்டிங் முடியும்வரை எடுக்கவில்லை. நான் வாயே திறக்காமல் எல்லா முடிவுகளும் நல்லபடியாக எடுக்கப்பட்டன என்பது தனி வருத்தம்.

இந்த ஃபேன் விவகாரத்தில் எனக்கு ஒரு முக்கியமான விஷயம் புரிந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் தட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை.

எங்கள் வீட்டில் தட்டுவதில் ஆளுக்கொரு பாணி. நான் இடது ஓரத்தில், ஃபேன் இருக்கும் பக்கமாக, இரண்டு விரலால் மரியாதையாகத் தட்டுவேன். பையன் உள்ளங்கையால் பொளேர் என்று ஒன்று வைப்பான். மனைவி தட்டுவதே இல்லை. லேப்டாப்பைக் கொஞ்சம் தூக்கி, தொப்பென்று மேஜையில் விடுவாள், வேறு எதையோ நினைத்துக்கொண்டு. மாமனார் வந்திருந்தால் தனி மரியாதை. முதலில் காதை வைத்துக் கேட்பார். நடுவிரலை மடக்கி ஒரு தட்டு. மறுபடி காது. "இன்னும் கொஞ்சம் கீழ" என்று தனக்கே சொல்லிக்கொண்டு இன்னொரு தட்டு. 'ஒளியும் ஒலியும்' காலத்து டிவியைத் தட்டித் தட்டியே ஓட்டியவர். அந்த டிவிக்குள் சால்டரிங் விட்டுப்போன இடங்கள் இருந்தன, தட்டினால் ஒட்டிக்கொள்ளும். அதில் வந்த தன்னம்பிக்கை அவரை விட்டு இன்னும் போகவில்லை. மிக்ஸி, டார்ச் லைட், ரிமோட், மோட்டார் சுவிட்ச், தண்ணீர் மீட்டர் எல்லாம் அவர் கைபட்டவை. ரிமோட்டுக்கு மட்டும் தட்டிய பிறகு பேட்டரியை உருட்டிவிடுவார். புதுப் பேட்டரி போடச் சொன்னால் கோபம் வரும்.

எரிச்சல் என்னவென்றால், தட்டினால் ஃபேன் சத்தம் நிற்கத்தான் செய்கிறது. பேரிங்கில் எண்ணெய் வற்றி, தண்டு ஆடி, இறக்கை எங்கோ உரசுகிறது. ஒரு தட்டில் அது கொஞ்சம் நகர்ந்து உட்காரும். காபி குடித்து முடிக்கும்வரை நிம்மதி. நாம் கைராசி என்று நினைத்துக்கொள்கிறோம். அதே பெட்டிக்குள் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க்கும் இருக்கிறது, அதற்கும் சேர்த்துத்தான் விழுகிறது அடி என்று பையனிடம் சொன்னேன். "அப்ப எஸ்எஸ்டி வாங்கிடலாம்பா" என்றான்.

தட்டுவதற்குப் பெரிய இடத்து அங்கீகாரமும் உண்டு. 1980இல் வந்த ஆப்பிள் த்ரீ கம்ப்யூட்டரில் ஃபேனே கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் அடம்பிடித்தார். சத்தம் அவருக்கு ஆகாது. உள்ளே சூடேறி, சிப்புகள் சாக்கெட்டை விட்டு மெல்ல எழும்பின. பெட்டியை இரண்டு மூன்று அங்குலம் தூக்கிக் கீழே விடுங்கள் என்று கம்பெனியே யோசனை சொன்னதாக ஒரு கதை உண்டு. இதை மனைவியிடம் சொன்னதிலிருந்து எங்கள் வீட்டுத் தொப்பின் உயரம் கூடியிருக்கிறது.

நண்பர் ஒருவர் தட்டாமலேயே ஒரு வைத்தியம் சொன்னார். விண்டோஸின் பவர் செட்டிங்கில் ப்ராசஸர் உச்சத்தை 100இலிருந்து 99 சதவீதமாக வை, டர்போ நின்றுவிடும், சூடு இறங்கும். வைத்தேன். ஃபேன் அடங்கியது. எக்செல்லும் அடங்கியது. ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு கோபமா?

சரி, அந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முதலில் லேப்டாப்பைத் திறக்க வேண்டும், திறக்கத்தான் விடமாட்டேன் என்கிறார்களே! முன்பெல்லாம் ஒரு கொக்கியைத் தள்ளினால் பேட்டரி கையோடு வரும். இப்போது ஸ்க்ரூவை ரப்பர் கால்களுக்கு அடியில் ஒளித்து வைக்கிறார்கள். சில மாடல்களில் மதர்போர்டையே கழற்றினால்தான் ஃபேனின் முகம் தெரியும். ஊரில் தூசியே இல்லை என்று நினைத்து வரைந்தவன் எவனோ, அவனை ஒரு கோடை முழுக்க மெட்ரோ வேலை நடக்கும் தெருவில் ஜன்னலோரம் உட்காரவைக்க வேண்டும்.

கடைசியில் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். கடைப் பையன் அடிமூடியை ஒரே நெம்பில் எடுத்தான். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி, விரலால் உரித்து எடுக்கும் கனத்தில். ப்ராசஸர் மேல் போட்ட பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருந்தது. ஃபேன் கண்டபடி சுற்றாமல் இறக்கையைக் குச்சியால் பிடித்துக்கொண்டு ப்ளோயர் அடித்தான். புது பேஸ்ட் வைத்தான். ஆன் செய்தான். சத்தம் அப்படியே இருந்தது.

"பேரிங் போச்சு சார். இந்த மாடலுக்குப் புதுசு வர்றதில்ல. பழசுல கழட்டினது ஒண்ணு இருக்கு, போடட்டுமா?"

போட்டான். காதை வைத்துக் கேட்டேன்.

"தம்பி, இதுலயும் சத்தம் வருதேப்பா?"

"இது வேற சத்தம் சார்" என்று பில் போட ஆரம்பித்தான்.