நாலு ‘ஏலே’ போட்டா திருநவேலியா?

ஏல ஐயா, நீ மெட்ராசுல டிவி நாடகத்துக்கு வசனம் எழுதப் போயிட்டேன்னு ஒங்க ஆச்சி தெரு முழுக்கச் சொல்லி முடிச்சிட்டா. கதை நடக்குதது நம்ம அம்பாசமுத்திரம் பக்கமாம்லா. நல்லது. நான் ஒனக்குப் புத்தி சொல்லி நீ கேட்டதா சரித்திரமே கெடயாது. ஆனாலும் தொழில்னு வந்தாச்சு. அந்தத் தொழில்ல பொழைக்கணும்னா சில சூச்சுமம் தெரிஞ்சிருக்கணும். சாயங்காலம் வெளக்கு வச்சதுலேர்ந்து ஆச்சிகூட ஒக்காந்து எல்லாத்தையும் பாக்குத மனுசன் சொல்லுதேன், எழுதிக்கோ.

மொதல்ல வசனம் பூராத்தையும் எந்த ஊர்ப் பேச்சும் இல்லாம மொழுக்குன்னு எழுதிப்போடு. பொறவு, சாம்பார எறக்கி வச்சிட்டு மேல கடுகு தாளிச்சுக் கொட்டுத மாதிரி நாலு ‘ஏலே’யக் கொட்டு. திருநவேலி ரெடி. மதுரைன்னா ‘வந்தாய்ங்க, போனாய்ங்க’. கோயமுத்தூர்னா ‘ஏனுங்க’. நாகர்கோயில்னா ‘மக்கா’. மெட்ராசுக் குப்பம்னா ‘இன்னா நைனா’. எழுதுன வசனம் ஒண்ணுதான், அஞ்சு ஊருக்கும் விக்கலாம்.

யாரு யாரப் பாத்து ‘ஏலே’ங்கான்னு மட்டும் யோசிச்சிராத, பொழப்பு கெட்டுப் போவும். ஒரு நாடகத்துல மருமவன் மாமனாரப் பாத்து ‘ஏலே மாமா’ங்கான். மாமனாரு சிரிச்சிக்கிட்டே தோள்ல தட்டிக் குடுக்காரு. நம்ம தெருவுல அப்பிடிச் சொல்லியிருந்தா அன்னைக்கு ராத்திரி அவனுக்குத் தார்சாவுலகூடப் பாய் விழுந்திருக்காது. ‘ஏல’ங்கது எளையவனுக்கும் சேக்காளிக்கும். பொம்பளப் பிள்ளைன்னா ‘ஏட்டி’, ‘ஏளா’. நமக்குச் சமானமான ஆளுன்னா ‘வே’: என்னவே, எங்க கெளம்பிட்டீரு? வீட்டு மாப்ள வந்தா, ‘வாரும் மாப்ள, இரும், காப்பி குடியும்’. ‘நீ’க்கும் ‘நீங்க’ளுக்கும் நடுவுல ‘நீரு’ன்னு ஒரு படி இருக்குல்லா, அந்தப் படியில ஒக்காந்துதான் மாமனும் மருமவனும் ஆயுசு பூரா சண்டையில்லாம வெத்தல போட்டாவ. ஒங்க ஆளுக அந்தப் படிய இடிச்சிட்டாவ. பொறவு மொத வாரத்துலயே ஒருத்தருக்கொருத்தர் பால்ல விசம் கலக்காம என்ன செய்வாவ?

அடுத்தது, ஊர்ப் பேச்ச யாருக்குக் குடுக்கணும்ங்கது. காரோட்டிக்குக் குடு. சமையக்காரிக்குக் குடு. கந்துவட்டிக்காரனுக்கு ரெண்டு கரண்டி கூடவே குடு. கதாநாயகனுக்கும் கதாநாயகிக்கும் குடுத்திராத, தீட்டு. அப்பன் வாயத் தொறந்தா தாமிரவருணி ஓடும். அவன் பெத்த மவ, அதே வீட்டுல அதே சோத்தத் தின்னு வளந்தவ, வாயத் தொறந்தா செய்தி வாசிப்பா. அந்த வேசம் கட்டுத பிள்ளையவும் குத்தம் சொல்லப்படாது. அது பெங்களூர்லேர்ந்து வந்திருக்கும். கேமராவுக்குப் பக்கத்துல ஒருத்தன் நின்னு வசனத்த எடுத்துக் குடுப்பான், இது வாயசைக்கும். பொறவு மெட்ராசுல இன்னொருத்தி குரல் குடுப்பா. மொகம் ஒரு ஊரு, நாக்கு ஒரு ஊரு, கதை ஒரு ஊரு. அன்னன்னைக்கு எடுத்து அன்னன்னைக்கு ஒப்பேத்துத அவசரத்துல ‘வாரேன்’னு சொல்லுவாளா ‘வரேன்’னு சொல்லுவாளான்னு எவன் பாக்கப் போறான்?

படிச்சவன் ஊர்ப் பேச்சு பேச மாட்டான்னு யாருல ஒங்களுக்குச் சொன்னது? 1995-ல ‘சதிலீலாவதி’ வந்துது. அதுல கமலு டாக்டரு. எலும்பு முறிவுக்கு வைத்தியம் பாக்குத டாக்டரு, கொங்குப் பேச்சுதான் பேசுவாரு. பொண்டாட்டியா வந்த கோவை சரளா அந்த ஊர்க்காரி, கேக்கவே வேண்டாம். ரெண்டு பேரும் பேசப் பேச நம்ம அம்பாசமுத்திரத்துல உருண்டு சிரிச்சோம். பேச்சக் கேலி பண்ணிச் சிரிக்கல, பேசுத ஆளுகளோட சாமர்த்தியத்துக்குச் சிரிச்சோம். ஒங்க டிவியில இன்னைக்கும் ‘ஏனுங்க’ன்னு ஒருத்தன் உள்ள வந்தாலே பின்னால ‘டொய்ங்’னு ஒரு சத்தம் போடுதாவ. இங்கன சிரிக்கணுமாம்.

திருநவேலிக்காரனுக்கு என்னென்ன சாமான் வேணும்னு ஒனக்கே தெரியும்: அருவா, அல்வா, மீசை. சாதிக்கொரு பேச்சு இருக்கு, தெருவுக்கொரு இழுப்பு இருக்கு, அதத் தொடுததுக்குச் சேனல்காரனுக்கு நடுக்கம். சொவத்துல அருவாள மாட்டி வச்சுக் காட்டுததுக்கு மட்டும் ஒரு நடுக்கமும் இல்ல. நம்ம வீட்டுல அருவா எங்க கெடக்குன்னு ஆச்சிட்டக் கேளு. தேங்கா வெட்டுததுக்குத் தேடுனாக்கூட ஆப்புடாது.

கோயில் கொடைய மட்டும் நான் லேசுல விட மாட்டேன். ஒங்க நாடகத்துல அம்மன் கொடைன்னா என்ன? கதாநாயகி மஞ்சச் சேல கட்டித் தீச்சட்டி எடுப்பா. மேகம் இல்லாம மின்னல் வெட்டும். வில்லிக்குக் கண்ணு போவும். வெளம்பரம். நம்மூர்ல கொடைன்னா மொதல்ல கால்நாட்டணும்ல. அன்னைலேர்ந்து வெளியூர் போன சனமெல்லாம் லீவு கேக்கும். பொறவு குடியழைப்பு. உச்சிக்கொடை ஒண்ணு, சாமக்கொடை ஒண்ணு. நடுவுல நையாண்டி மேளம், கரகாட்டம், முளைப்பாரி. வில்லுப்பாட்டுக்காரர் வீசுகோல எடுத்து வில்லுல அடிச்சாருன்னா, இந்தச் சாமி எங்க பொறந்துது, எவன் கொன்னான், ஏன் இந்த மண்ணுல வந்து நிலையம் போட்டுதுன்னு ராத்திரி பூராச் சொல்லுவாரு. பக்கத்துல குடம் அடிக்கவர் ‘ஆமா’ போடுவாரு. சொடலைமாடன் கோயில்னா கணியான் கூத்து. மகுடம் அடிக்க அடிக்க எவனுக்குச் சாமி வரும்னு யாருக்கும் தெரியாது. சாமி வந்தவன் யாரத் திட்டப் போறான்ங்கதுதான் அன்னைக்கு ஊருக்கே கவல. வரிப்பணத்துல கணக்குச் சொல்லாதவன் கூட்டத்துல பின்னால போய் நிப்பான். இத்தன கதை அங்கன கெடக்கு. நீங்க மின்னல வாடகைக்கு எடுக்கிய. கூடக் கேரளத்துச் செண்டைய வேற எறக்குதிய. இதுல நான் ரொம்பத் துள்ளப்படாது. இப்ப நம்ம ஊர்க் கொடைக்கே சில பயலுவ செண்ட மேளம் வரணும்னு நிக்கானுவ. எதுல பாத்தானுவளோ.

நம்ம சனமும் லேசுப்பட்டது இல்ல. மெட்ராசுல தூர்தர்சன் 1975-லயே வந்தாச்சு, ‘வயலும் வாழ்வும்’னு ஒண்ணு போடுவாவ. வெவசாயிகிட்ட மைக்க நீட்டுவாவ. அதுவரைக்கும் வரப்புல நின்னு ஊர் காதக் கிழிக்க மாதிரி வைதுக்கிட்டு இருந்தவன், மைக்கு மொகத்துக்கு வந்ததும் ‘வணக்கம் ஐயா, நான் வந்து இந்தப் பயிரை வந்து’ன்னு ஆரம்பிச்சிருவான். அந்த ‘வந்து’ எங்கேர்ந்து வந்துதுன்னே தெரியாது. இன்னைக்கும் ஆத்துல வெள்ளம்னு செய்திக்காரப் பயலுவ வந்தா நம்ம தெருப் பொம்பளைக பூரா நல்ல தமிழுக்கு மாறிருதாவ. ஆச்சி கூட ‘தண்ணீர் அதிகமாக வருகிறது’ன்னா. எனக்கு மூணு நா சிரிப்பு அடங்கல. அவ எங்கூடப் பேசல.

எல்லா ஊருக்கும் புரியாதுன்னு ஒங்க மொதலாளி சொல்லுவாரு. சொன்னா, ‘எதிர்நீச்சல்’ நாடகத்து மாரிமுத்தக் கேளும்னு சொல்லு. கேக்க முடியாது, 2023 செப்டம்பர்ல போய்ச் சேந்துட்டாரு. தேனிப் பக்கத்துக்காரரு. ‘இந்தாம்மா ஏய்’னு அவரு அதட்டுனா நம்ம தெருப் பிள்ளைகளும் அதட்டுனுச்சு, கோயமுத்தூர்லயும் அதட்டுனுச்சு, மெட்ராசுலயும் அதட்டுனுச்சு. எவனும் அகராதி தேடல. பொம்பளைகள ஏறி மிதிக்க ஒரு கொடுமக்காரன் வேசம். ஆனா அந்த மாதிரி ஒரு பெரியப்பன் எல்லார் வீட்டுலயும் இருக்கான்லா, அதான் புரிஞ்சிட்டு. சொந்த நாக்குல பேசுனாரு, அவ்வளவுதான். 2015-ல ‘பாபநாசம்’ வந்தப்ப கமலு பேசுததுல குத்தம் கண்டுபிடிக்கன்னே நாங்க அஞ்சாறு கெழடு தியேட்டருக்குப் போனோம். கண்டுபிடிக்கவும் செஞ்சோம். ஆனா ஒருத்தன் நம்ம பேச்சுலயே போலீசுக்குப் பொய் சொல்லி, பொண்டாட்டி பிள்ளையக் காப்பாத்தப் பாடுபடுதான்னு ஆனதும், படம் முடியுத வரைக்கும் ஒருத்தனும் வாயத் தொறக்கல.

நாஞ்சொன்னதுல ஒனக்கு எது பிடிச்சுதோ அத எழுது. சந்தேகம்னா ராத்திரி பத்து மணிக்கு மேல போன் பண்ணு, அதுவரைக்கும் நாடகம் ஓடும். தெருவுல நாலு ஆளு பேசுதத ஒங்க செல்லுலயே பிடிச்சுப் போய் அந்தப் பெங்களூர்ப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டு, கெட்டிக்காரப் பிள்ளன்னா பிடிச்சுக்கிடும். ஒரு தாத்தா வேசம் இருக்குன்னு ஆச்சி சொன்னா. அதுக்கு ஆளு கெடைக்கலன்னா நான் வாரேன், துட்டப் பத்தி நமக்குள்ள பேசிக்கிடலாம். ஆனா இப்பவே சொல்லிப்புடுதேன். மூணாவது வாரத்துல நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு நான் மாடிப்படியில உருளப்படாது. எந்தப் பத்திரத்துலயும் கையெழுத்துப் போட மாட்டேன். பொறவு அந்த வில்லிய என்கிட்ட ஒரு தடவ நேருக்கு நேரா பேச விடு. வசனம் நீ எழுத வேண்டாம்.