டவர் இல்லேன்னா டேட்டாபேஸுக்கு என்னலே?

வாலே பேராண்டி, இப்படி உக்காரு. கொடைக்கு வந்த பய சாமியக் கும்பிடாம, காலையிலேருந்து லேப்டாப்பத் தூக்கிக்கிட்டு தட்டட்டிக்கும் வேப்பமரத்தடிக்கும் அலையுத. என்னன்னு கேட்டா, "நெட் இல்ல தாத்தா, டேட்டாபேஸ் கனெக்ட் ஆவல"ங்க. அந்த டேட்டாபேஸ் எங்கலே இருக்கு, அமெரிக்காவுலயா? இந்த லேப்டாப்லயேதானா? அடி சக்க! அப்போ டவருக்கு அங்க என்ன சோலி?

நான் பருப்பு மில்லுல ஃபாக்ஸ்ப்ரோவுல கணக்குப் போட்ட ஆளுலே. எங்களுக்கு நெட்டும் கிடையாது, சர்வரும் கிடையாது. டிபிஎஃப்னு ஒரு ஃபைலு, தொறந்தா கணக்கு, மூடுனா வீடு. உன் மைஎஸ்க்யூஎல் அப்படி இல்ல. அது தனி புரோகிராமா உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கணும், நீ 3306-ங்கற போர்ட்டுல போயி அதுகிட்ட கேக்கணும். நேத்து ராத்திரி சார்ஜ் தீந்து லேப்டாப் பொசுக்குன்னு அணைஞ்சுதுல்லா, அதுக்கப்புறம் அது எந்திரிச்சுதான்னு பாத்தியா? நெட்ஸ்டாட் அடிச்சு, 3306-க்கு நேரா லிஸனிங்னு வருதான்னு பாக்க ஒரு நிமிசம் ஆவுமா? பாக்க மாட்ட. டவரத்தான் பாப்ப.

சரி, ஓடுதுங்க. அப்போ அந்த கான்ஃபிக் ஃபைலக் காட்டு. ஹோஸ்ட்டுல என்ன போட்டிருக்க? 192.168.1.14. ஆங், மாட்டுனியா! இது உன் சொந்த நம்பராலே? பெங்களூர் ரூம்ல இருக்க ரௌட்டர் குடுத்த நம்பரு. வைஃபை போச்சுன்னா நம்பரும் போச்சு. சொந்த வீட்டு அடுக்களைக்குப் போறதுக்கு, காலி பண்ணுன வாடகை வீட்டு விலாசத்தச் சொல்லி ஆட்டோ ஏறுன கதையால்லா இருக்கு. இதே நம்பர பைண்ட் அட்ரஸ்லயும் எழுதியிருந்தன்னா சர்வர் எந்திரிக்கவே செய்யாது. நல்லவேளை, அந்த அளவுக்கு உனக்குச் சாமர்த்தியம் பத்தல.

127.0.0.1-ன்னு மாத்து. அது வைஃபை கார்டப் பக்கத்துலகூட எட்டிப் பாக்காது, உள்ளுக்குள்ளயே சுத்தித் திரும்பிரும். ஃப்ளைட் மோட் போட்டாலும் அது பாட்டுக்கு ஓடும். இந்த ஒரு சோலிக்குன்னு 127-ல ஆரம்பிக்க நம்பர் அம்புட்டையும், 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல, ஒதுக்கிப்போட்டிருக்கான். ஐபிவி6 வந்தப்ப புத்தி வந்து ஒண்ணே ஒண்ணு வச்சான், ::1-ன்னு. வச்சதும் வில்லங்கம். நீ லோக்கல்ஹோஸ்ட்னு எழுதுவ, நோடு 17-ல அது ::1-க்குப் போயி நிக்கும். உன் சர்வர் 127.0.0.1-ல மட்டும் காத்துக்கிட்டுக் கெடந்தா, ரெஃப்யூஸ்டுன்னு வரும். லினக்ஸ்ல மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் இன்னும் குசும்பு. லோக்கல்ஹோஸ்ட்னா போர்ட் பக்கமே போவாது, சாக்கெட் ஃபைலத் தேடும். லோக்கல்ஹோஸ்ட், 127.0.0.1 ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தாத் தெரிஞ்சிரும், எந்தப் பக்கம் அடைச்சிருக்குன்னு.

ஒன் சிநேகிதன் ஒருத்தன் இருக்கானே, ஹோஸ்ட்டுல லேப்டாப் பேர எழுதி வப்பான். ஆபீஸ்ல இருக்கப்ப அந்தப் பேருக்கு அங்க உள்ள டிஎன்எஸ் பதில் சொல்லும். இங்க யாரு சொல்லுவா, ஆச்சியா? ஹோஸ்ட்ஸ் ஃபைலத் தொறந்து, 127.0.0.1-க்கு எதுத்தாப்ல அந்தப் பேர எழுதிட்டாப் போதும். ஆரக்கிள்காரன் பாவம், உங்களப் பத்தித் தெரிஞ்சு, நெட் இல்லாத விண்டோஸ்ல போடணும்னா மொதல்ல லூப்பேக் அடாப்டரப் போடுங்கடேன்னு மேனுவல்லயே எழுதி வச்சான். மேனுவல் படிக்க பயலாலே நீ?

எரர வாசிக்கப் பழகுலே. ஸ்கிரீன்ஷாட் எடுத்து எவனுக்காவது தட்டிவிடத்தான் இங்க வழி இல்லியே, வாசிச்சாத்தான் என்ன? அன்னோன் ஹோஸ்ட்னா பேருல கோளாறு. ரெஃப்யூஸ்டுன்னா ஆளக் கண்டுபிடிச்சாச்சு, ஆனா அந்தப் போர்ட்ல கேக்க ஆளில்ல. ஒண்ணுமே சொல்லாம முழிச்சுக்கிட்டே நின்னா, இல்லாத நம்பரத் தேடிக்கிட்டு இருக்குன்னு வையி. மூணுக்கும் நீ செய்யுத வைத்தியம் ஒண்ணுதான், ரீஸ்டார்ட். சவத்து மூதி.

மாத்திட்டியா? இப்ப என்ன சொல்லுது? ஆக்சஸ் டினைடு, 1045? ஏலே, மூஞ்சியத் தொங்கப் போடாத, இது நல்ல சேதில்லா! சர்வரே வந்து உங்கிட்ட பேசிட்டு. பேருக்கும் பாஸ்வேர்டுக்கும்தான் ஒத்துவரல. பாஸ்வேர்டக் கையால அடிச்சியே, என்ன அடிச்ச? மறந்துட்டியா? கிளவுடுல பத்திரமா வச்சிருக்கியா? வைலே, நல்லா வையி. இந்தா, இதே கான்ஃபிக் ஃபைல்ல ஹோஸ்ட்டுக்கு ரெண்டு வரி கீழ கண்ணத் தொறந்து பாரு. அதுவும் ரூட்டு பாஸ்வேர்டு.