சுழி வெட்டுப்படாத திரை

லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் முதல் பதிப்பு 4.10, 2004 அக்டோபரில் பழுப்பு நிறத்தில் வந்தது. ஷிப்இட் திட்டத்தில் பதிவு செய்தால் குறுவட்டு காசில்லாமல் தபாலில் வீட்டுக்கே வரும். மதுரையில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் நான் அப்போது வேலை பார்த்தேன். நிறுவி முடித்த கையோடு எல்லோரும் செய்த முதல் காரியம் அந்தப் பழுப்பைத் தூக்கியதுதான். எனக்கு அந்த நிறம் பிடிக்கும். ஆனாலும் நானும் மாற்றினேன், மாற்ற முடிந்தது என்ற ஒரே காரணத்துக்காக.

உபுண்டுவின் மேசைத்தளம் க்னோம் 2 ஆக இருந்த காலத்தில், திரையின் தோற்றத்தை வரையறுக்கும் தீம் என்பது முகப்பு அடைவில் மறைந்திருக்கும் ஒரு கோப்புறை. அதற்குள் ஜிடிகே-ஆர்சி என்ற வெறும் எழுத்துக்கோப்பு. ஒரு பொத்தானுக்கு ஐந்து நிலைகள்: சும்மா இருப்பது, சுட்டி மேலே வந்து நிற்பது, அழுத்தப்படுவது, தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பது, செயல்படாமல் மங்கிக் கிடப்பது. ஐந்துக்கும் பின்னணி நிறத்தையும் எழுத்து நிறத்தையும் தனித்தனியே எழுதலாம். சாளரத்தின் சட்டத்தை வரைவது மெட்டாசிட்டி. அதன் எக்ஸ்எம்எல் கோப்பில் தலைப்புப் பட்டையின் இடைவெளிகள் பிக்சல் கணக்கில் இருக்கும். க்ளியர்லுக்ஸ் தீமை நகலெடுத்து, ஒரு எண்ணை மாற்றி, சேமித்து, தீமை மறுபடி தேர்ந்தெடுத்தால் திரை முழுவதும் நம் சொல் கேட்கும். நிரல் எழுதத் தெரியாத பிள்ளைகள்கூட, கணினி தன் முகத்தை எங்கே எழுதி வைத்திருக்கிறது என்பதை இப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். பாடத்திட்டத்தில் இருந்த எதையும்விட இது அவர்களுக்குப் பெரிய படிப்பு என்று இன்றும் நம்புகிறேன்.

2010 ஏப்ரலில் வந்த உபுண்டு 10.04 பதிப்பில், சாளரத்தை மூடும் பொத்தானை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். பெரிய சண்டையே நடந்தது. ஆனால் க்னோமின் அமைப்புகளைத் திருத்தும் ஜிகான்ஃப் எடிட்டரில் ஒரு வரி இருந்தது. அதில் முக்காற்புள்ளிக்கு முன்னால் எழுதியவை இடப்பக்கம் நிற்கும், பின்னால் எழுதியவை வலப்பக்கம். ஒரு முக்காற்புள்ளியை நகர்த்தி, எங்கோ எடுக்கப்பட்ட முடிவை நம் மேசையில் செல்லாததாக்கிவிடலாம்.

சுழலும் கனசதுரமும் ஆடும் சாளரங்களுமாக 2006-ல் வந்த காம்பிஸைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அழகுதான். ஆனால் தோற்றத்தை மாற்றும் உரிமை எதற்கு என்று எனக்குப் புரிந்தது வேறிடத்தில்.

எங்கள் மையத்துக்கு ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தட்டச்சு பழக வருவார். அவருக்கு ரெட் ஹேட் 2004-ல் வெளியிட்ட லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவி, பட்டியல்களைத் தமிழில் வைத்துக் கொடுத்தேன். ஃபயர்ஃபாக்ஸில் அப்போது, எழுத்துகளை அடுக்கும் பாங்கோவை இயக்கச் சொல்லும் ஒரு வரியைச் சேர்க்காவிட்டால், ‘கெ’ என்ற எழுத்தின் கொம்பு ககரத்துக்கு வலப்பக்கம் போய் நிற்கும். அதையும் சரிசெய்திருந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“தம்பி, எழுத்துக்குத் தலை போயிருச்சேப்பா.”

உண்மைதான். தலைப்புப் பட்டையில் ‘கீ’யின் சுழி பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. கீழே ‘மூ’வின் வளைவும் அப்படியே. அந்தக் கணினியில் இருந்த தீமை வரைந்தவர் ரோமன் எழுத்தை மட்டும் மனதில் வைத்து உயரத்தை அளந்திருந்தார். தமிழுக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். மெட்டாசிட்டி கோப்பில் இடைவெளியைக் கூட்டினேன். ஜிடிகே-ஆர்சியில் பட்டியல் வரிகளுக்கு உயரம் கொடுத்தேன். வெள்ளைப் பின்னணி கண்ணைக் குத்துகிறது என்றார், அதை வெளிர் மஞ்சளாக்கினேன்.

“இப்ப சரியாயிருக்காங்கய்யா?”

“பழைய புத்தகத் தாள் மாதிரி இருக்கு. போதும்ப்பா.”

அந்தக் கோப்புறையைச் சுருக்கி ஒரு குறுவட்டில் போட்டுக் கொடுத்தேன். வீட்டுக் கணினியிலும் அதையே வைத்துக்கொண்டார்.

2011-ல் க்னோம் 3 வந்தது. தீம் எழுதும் முறை சிஎஸ்எஸ்ஸுக்கு மாறியது. நல்ல மாற்றம் என்றே நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு பதிப்பிலும் பழைய தீம்கள் உடைந்தன. தங்கள் ஓய்வு நேரத்தில் தீம் செய்தவர்கள் சலித்து ஒவ்வொருவராக விலகினார்கள். 2019-ல் செயலி உருவாக்குபவர்கள் சிலர், லினக்ஸ் விநியோகங்கள் தங்கள் செயலிகளின் தோற்றத்தை மாற்ற வேண்டாம் என்று ஒரு திறந்த மடல் எழுதினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. யாரோ போட்ட தீமால் எழுத்து படிக்க முடியாமல் போனால், குறை சொல்லி வரும் புகார் செயலியை எழுதியவருக்குத்தான் போகிறது. 2021-ன் கடைசி நாளில் க்னோம் செயலிகளுக்கான லிப்அட்வைட்டா நூலகம் வந்தபோது கதவு ஏறக்குறைய மூடப்பட்டது. அதன் மேல் எழுதப்பட்ட செயலிகள் பயனரின் தீமைப் பொருட்படுத்துவதில்லை. 2024-ல் க்னோம் 47 ஒரு சலுகை தந்தது: பொத்தான்களிலும் தேர்வுகளிலும் தெரியும் அழுத்த நிறமாக ஒன்பது வண்ணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

விசித்திரம் என்னவென்றால், இதே காலத்தில்தான் தமிழ் நன்றாக வந்தது. இன்று புதிதாக நிறுவிய க்னோமில், எழுத்துகளை வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் கொம்பையும் காலையும் சரியான இடத்தில் வைக்கிறது. நோட்டோ தமிழ் எழுத்துரு பெரும்பாலும் கூடவே வருகிறது. க்னோமின் இயல்பான தோற்றமான அட்வைட்டாவின் தாராளமான இடைவெளிக்குள் ‘கீ’யின் சுழி முழுதாக நிற்கிறது. எதற்காக இரவெல்லாம் கோப்புகளைத் திருத்தினோமோ அது இப்போது கேட்காமலே கிடைக்கிறது. அதைச் சாத்தியமாக்கியவர்களுக்கு என் நன்றி உண்டு. கேட்காமலே கிடைத்திருந்த மற்றது, தோற்றத்தை மாற்றும் உரிமை, அதுதான் கையைவிட்டுப் போனது.

முழுவதுமாகப் போகவில்லை என்பதை என் அக்கா மகன் காட்டினான். ஹைப்பர்லேண்ட் என்ற சாளர மேலாளரில் கேட்புச்சின் என்ற தொகுப்பின் வண்ணங்களைப் போட்டு, மேலே வேபார் பட்டை வைத்திருக்கிறான். இப்படித் தோற்றத்தை மாற்றுவதை ரைசிங் என்கிறார்கள் இந்தப் பிள்ளைகள். எல்லாம் எழுத்துக்கோப்புகள், எல்லாம் அவன் கையில். கடிகாரத்தின் மொழியைத் தமிழாக்கியிருந்தான். ‘ஞாயிறு’ என்பதில் யிகரத்தின் விலங்கு பட்டையின் விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது.

“பட்டை உயரத்தைக் கொஞ்சம் கூட்டேன்டா.”

“இங்கிலீஷ்ல சரியா இருந்துச்சே மாமா” என்றவன், கோப்பைத் திறந்து உயரத்தைக் கூட்டி, எழுத்துருப் பட்டியலில் நோட்டோ சான்ஸ் தமிழையும் சேர்த்தான். ஒரு நிமிட வேலை.

அவனுக்கு இருபது வயது. அவனுக்கு நேரம் இருக்கிறது, ஹைப்பர்லேண்டும் இருக்கிறது. என் கவலை அந்தத் தமிழாசிரியரைப் போன்றவர்களைப் பற்றியது. அவர்களுக்கு வேண்டியது க்னோம் போன்ற அமைதியான மேசைத்தளம். அதில் எழுத்தைப் பெரிதாக்க வழி உண்டு. இருள் தோற்றமும் உண்டு. தாள் நிறத்தில் ஒரு பின்னணியைத் தேர்ந்தெடுக்க அமைப்புகளில் இடம் இல்லை. ஆனால் ஜிடிகே-4.0 என்ற கோப்புறைக்குள் ஒரு சிஎஸ்எஸ் கோப்பை வைத்து, சாளரப் பின்னணி நிறத்துக்கு ஒரு வரி எழுதினால் லிப்அட்வைட்டா செயலிகள் இன்றும் அதைப் படித்து ஏற்கின்றன. க்னோமை உருவாக்குபவர்களிடம் நான் கேட்பது, அந்த ஒரு வரியை அமைப்புகளில் ஒரு பொத்தானாக வையுங்கள் என்பது. அது முடியாதென்றால், அந்தக் கோப்பைப் படிப்பதையாவது எந்தப் பதிப்பிலும் நிறுத்தாதீர்கள்.