பையன் அத்தியாவசியம் இல்லையாம்!

2025 அக்டோபர் முதல் தேதி, நண்பகல் 12 மணி. சிங்கப்பூரின் தேக்கா அங்காடியில் பிரியாணிக்கு வரிசை பிடித்து, எனக்கு முன்னால் இன்னும் இரண்டே பேர் என்ற கட்டத்தில் அக்காவின் போன்.

"தம்பி, அமெரிக்காவை மூடிட்டாங்களாம். உடனே வா."

இருபத்து நான்கு மணி நேரமும் திறந்து கிடந்த முஸ்தபா கடையே கொரோனாவுக்குப் பிறகு பின்னிரவு 2 மணிக்குக் கதவைச் சாத்துகிறது, அமெரிக்கா சாத்தினால் என்ன என்று கேட்க வாயெடுத்தேன். அக்காவின் ஒரே மகன் மேரிலாந்தில் மத்திய அரசு ஊழியன் என்பது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. பிரியாணியைத் தியாகம் செய்துவிட்டு பஃபலோ ரோட்டில் இருக்கும் அவள் வீட்டுக்கு ஓடினேன்.

தீபாவளிக்கு இன்னும் 19 நாள். அக்கா முறுக்கு மாவு ஒட்டிய கையோடு உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் டின்னில் சாய்த்து வைத்த போனில் பையன் முகம். நமக்கு நண்பகல் என்றால் அவனுக்கு நள்ளிரவு.

"மாமா, என்னை ஃபர்லோ பண்ணிட்டாங்க."

அக்காவின் முகம் மலர்ந்தது. "அதென்னடா, மேனேஜருக்கு மேலயா?"

"வீட்டுல இரு, சம்பளம் கிடையாதுன்னு அர்த்தம்மா. நான் அத்தியாவசியமான ஊழியர் இல்லையாம்."

"எவன் சொன்னது? கேகே ஆஸ்பத்திரியில மூணு நாள் வலி எடுத்துப் பெத்த புள்ளடா நீ!"

விவரம் இதுதான். அமெரிக்க அரசுக்கு அக்டோபர் முதல் தேதிதான் நிதியாண்டுப் பிறப்பு. அதற்குள் நாடாளுமன்றம் பணம் ஒதுக்காவிட்டால் அரசு அலுவலகங்கள் செலவு செய்யக்கூடாது. இந்த முறை சண்டை மருத்துவக் காப்புறுதி மானியத்தைப் பற்றி. நீட்டிக்காமல் விடமாட்டோம் என்றது ஜனநாயகக் கட்சி. முதலில் அலுவலகத்தைத் திற, பிறகு பேசலாம் என்றது குடியரசுக் கட்சி. 2018 டிசம்பரில் மெக்சிகோ எல்லைச் சுவருக்காக மூடியபோது 35 நாள், எட்டு லட்சம் ஊழியர்கள் சம்பளம் பார்க்கவில்லை. 2013இல் மூடியபோது அதிபர் ஒபாமா பாலியில் நடந்த ஏபெக் மாநாட்டுக்கே வரவில்லை. வல்லரசுக்கே இந்தக் கதி என்றால் அக்கா மகன் எந்த மூலைக்கு?

வேடிக்கை எதில் என்றால், அத்தியாவசியமற்றவர்கள் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கவேண்டும். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் போன்ற அத்தியாவசியமானவர்கள் சம்பளமில்லாமல் வேலைக்கு வரவேண்டும். மரியாதை மட்டும்தான் வித்தியாசம்.

"நம்ம ஊர்லயும் இப்படி மூடுவாங்களா?" என்றாள் அக்கா.

அரசு அலுவலகத்தில் 33 ஆண்டு குப்பை கொட்டியவன் நான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். இங்கே பட்ஜெட் விவாதத்தில் உறுப்பினர் எழுந்து, இந்த அமைச்சின் ஒதுக்கீட்டில் 100 வெள்ளியைக் குறைக்கவேண்டும் என்பார். மில்லியன் கணக்கில் புரளும் இடத்தில் நூறே வெள்ளி! அமைச்சைப் பற்றிப் பேச இடம் பிடிக்கும் மரபு அது. அமைச்சர் பதில் சொன்னதும், நன்றி கூறி அந்த வெட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். நூறு வெள்ளி பிழைத்துவிடும். பதில் தயாரிக்கும் எங்களைப் போன்றவர்களின் தூக்கத்தில்தான் வெட்டு விழும். அதையும் மீறி, பட்ஜெட் மசோதாவுக்கு அதிபர் ஒப்புதல் தர மறுத்து இழுபறியானால்? போன ஆண்டு அளவுக்குச் செலவு செய்து வண்டியை ஓட்ட அரசமைப்பிலேயே வழி இருக்கிறது.

அக்கா ஒரு முறுக்கைச் சுற்றி முடித்தாள். "அப்ப நம்ம ஊர்ல யாரையும் அத்தியாவசியம் இல்லைன்னு சொல்லமாட்டாங்க."

எனக்குத் தொண்டை அடைத்தது. 2020 ஏப்ரல் 7இல் கிருமிப்பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கியபோது நமக்கும் அந்தப் பட்டியல் வந்ததே! முடிவெட்டுவது முதலில் அத்தியாவசியம்; இரண்டு வாரத்தில் இல்லை என்றாயிற்று; மே 12இல் மறுபடியும் அத்தியாவசியம். ஏப்ரல் 21 நள்ளிரவோடு பபிள் டீ கடைகளுக்குப் பூட்டு என்றதும், கடைசிக் கோப்பைக்கு நின்ற வரிசையைப் பார்த்திருந்தால் அது உயிர்காக்கும் மருந்தோ என்று தோன்றியிருக்கும்.

எங்கள் அலுவலகத்திலும் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். யார் யார் நேரில் வரவேண்டும் என்று. ஏர்கான் பார்க்கிறவர் பெயர் இருந்தது. கதவு திறக்கிறவர் பெயர் இருந்தது. கழிவறை சுத்தம் செய்யும் அம்மாவின் பெயர் முதலிடத்தில். என் பெயரைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினேன். நான் நிமிர்ந்து பார்த்த மேலதிகாரியின் பெயரும் இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல். இரண்டு மாதம் நான் போகவில்லை. அலுவலகம் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இதை அக்காவிடம் சொல்லவில்லை. பையனுக்கு மட்டும் தனியாகச் சொன்னேன். ஐந்து வருடமாக உள்ளே வைத்திருந்ததைக் கேட்டு, சம்பளமில்லாத அந்த நள்ளிரவிலும் விழுந்து விழுந்து சிரித்தான்.

தீபாவளி வந்து போயிற்று. சிராங்கூன் சாலையில் விளக்குகள் எரிந்தன. வாஷிங்டனில் பேச்சுவார்த்தை எரியவில்லை. 43 நாள், அதுவரை இல்லாத சாதனை. நவம்பர் 12 இரவு அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட பிறகுதான் பையனுக்கு வேலை திரும்பியது.

"வீட்டுல இருந்த நாளுக்கும் பாக்கிச் சம்பளம் உண்டும்மா. சம்பளமில்லாம வேலை பார்த்த அத்தியாவசிய ஆளுங்களுக்கும் உண்டு" என்றான்.

அக்கா வாணலியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"ஒருநாள் லீவு இல்லாம, சம்பளமும் இல்லாம வேலை பார்க்கிறவங்கதான் அத்தியாவசியமா? அப்ப நான் நாற்பத்து நாலு வருஷமா அத்தியாவசியம். என் பாக்கி எப்ப வரும்?"

யாரும் பேசவில்லை. சோபாவில் இருந்த அத்தான், தமிழ் முரசை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.